ஜிகா ஒழிப்பும் செந்தில்வேல் மறைவும்

“ஏங்க, நீங்க எங்கன இருக்கிய?”

“குற்றாலத்துல. லாட்ஜு மாடியில தண்ணித்தொட்டி பாத்துக்கிட்டிருக்கேன். எதுக்குக் கேக்க?”

“உசுரோடதான இருக்கிய?”

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் லோகநாயகி இப்படியொரு கேள்வி கேட்டதில்லை. சுகாதார ஆய்வாளர் செந்தில்வேல் பதில் சொல்லுமுன் தன்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்.

“இருக்கேன்னுதான் நெனைக்கேன். என்ன விசயம்?”

“நம்ம வாசல்ல ஏழெட்டு மாலை வந்திருக்கு. பிச்சையா கொழுந்தனாரு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவுதாரு.”

 காலையில் தெருவுக்கு அனுப்பிய மைக் ஆட்டோ ஞாபகம் வந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஜிகா வந்திருப்பதாகச் சுற்றறிக்கை. கொசு கடித்துப் பரவுகிற வைரஸ். பெரியவர்களை நாலு நாள் படுக்கப்போட்டு விட்டுவிடும். வயிற்றில் இருக்கிற பிள்ளையைத்தான் விடாது. அவர் மகள் முத்துவடிவோ மூன்று மாதம். மசக்கைக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். தென்காசியில் அவர் தெருவில் இருபத்தேழு வீடு, வீட்டுக்கு மூன்று டிரம், டிரம்முக்குக் குறைந்தது நூறு புழு. இருபத்தேழும் சொக்காரர் வீடு, ஒரே பாட்டன் வழிப் பங்காளிகள். ஊரெல்லாம் பயப்படுகிற ஆய்வாளரை அந்தத் தெருவில் மட்டும் யாரும் மதிப்பதில்லை.

“நாலு நாளைக்கு ஒருக்கா வார தண்ணி. அதைக் கொட்டச் சொல்லுதான் பாரு, இவனெல்லாம் ஒரு ஆபீசரு,” என்று சித்தப்பா மகன் பிச்சையா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். மறுநாள் அதிலேயே மடித்துத் தெருமுனைக் கடையில் வடை கொடுத்தார்கள்.

கடைசியில்தான் மைக் சுடலைக்கண்ணுவைப் பிடித்தார். அவர் குரல் கேட்டால் குழம்பு கொதிக்கிற அடுப்பையும் விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். காரணம், இருபது வருடமாக அவர் ஆட்டோவில் அறிவித்ததெல்லாம் மரணச் செய்தி மட்டும்தான். செந்தில்வேல் யோசிக்க மறந்தது அதைத்தான்.

போன் போட்டார். “ஓய், எழுதிக் குடுத்ததைத்தான வாசிச்சீரு?”

“அப்படியேதான் அண்ணாச்சி. உங்க பேரு அடியில கெடந்துது. மரியாதையா இல்லையேன்னு முன்னால தூக்கிப் போட்டேன்.”

“எப்படிப் போட்டீரு?”

சுடலைக்கண்ணு தொண்டையைச் செருமினார். “‘காலஞ்சென்ற பால்வண்ணநாதன் அவர்களின் குமாரரும், லோகநாயகி அவர்களின் கணவரும், சுகாதார ஆய்வாளருமான செந்தில்வேல் அவர்கள்…’ பொறவு, கொசு வளராம தண்ணியைக் கொட்டச் சொல்லி நீங்க எழுதுனதுதான்.”

அந்தப் ‘பொறவு’ வரைக்கும் தெருவில் யாரும் காத்திருக்கவில்லை.

“இப்பவே போயி நான் சாகலைன்னு சொல்லும்.”

பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார், அதே தழுதழுத்த குரலில்: “செந்தில்வேல் அவர்கள் இறக்கவில்லை என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” அதுவரை சந்தேகத்தில் இருந்த நாலு வீட்டுக்காரர்களும் மாலை வாங்கப் போனார்கள்.

“நீயாவது வாசல்ல நின்னு சொல்லு,” என்றார் லோகநாயகியிடம்.

“சொன்னேங்க. இப்பதான் போன்ல பேசுனாவன்னேன். ‘பாவி, புத்தி பேதலிச்சிட்டே’ன்னு கட்டிப்பிடிச்சு அழுவுதாளுவ. சிரிப்பு வந்துட்டு. அதுக்கு இன்னும் ஓங்கி அழுவுதாளுவ.”

“வடிவு?”

“வரும்போது நேந்திரங்கா சிப்ஸ் வாங்கிட்டு வரச் சொல்லுதா.”

நேரில் போய் நின்றால்தான் இது தீரும் என்று செந்தில்வேல் முடிவு செய்தார். சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் கால்வைக்க இடமில்லை. தென்காசிக்குக் காலியாகத் திரும்பிய ஆம்புலன்ஸ் டிரைவர் தெரிந்தவர், ஏற்றிக்கொண்டார். நெரிசலில் வழி கிடைக்கட்டும் என்று சைரனையும் போட்டார்.

தெருவுக்குள் வண்டி திரும்பியதும் எழுந்த ஓலத்தில் செந்தில்வேலுக்கே கண் கலங்கியது. தன்னை இத்தனை பேருக்குப் பிடிக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பின்கதவைத் திறந்து சிப்ஸ் பொட்டலத்தோடு இறங்கினார்.

முன்னால் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

“எண்ணே,” என்றான் பிச்சையா, “உசுரோடவா இருக்க?”

“ஆமாலே.”

“அப்பம் இந்த மாலையை என்ன செய்ய?”

பதிலுக்கு நிற்காமல் அதை அண்ணன் கழுத்திலேயே போட்டு, கட்டிக்கொண்டு அழுதான்.

பிச்சையாவின் தோளுக்கு மேலாகத்தான் செந்தில்வேல் அதைப் பார்த்தார். வீட்டுக்கு வீடு டிரம்கள் கவிழ்ந்து கிடந்தன. சிமெண்டுத் தொட்டிகளில் ஒரு சொட்டு இல்லை. புழு பார்க்கிற பணியாளர் ஜாஹிரா பீவி கையில் டார்ச்சோடு கடைசி வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

“சார், இருபத்தேழு வீட்டுலயும் பாத்துட்டேன். ஒத்தப் புழு இல்ல.”

வாசலில் வயிற்றில் கைவைத்து நின்ற மகளைப் பார்த்தார். 

“பாத்தியளா ஜாஹிரா? சொல்லுத விதத்துல சொன்னா சனங்க கேக்கத்தான் செய்யுது.”

ஜாஹிரா பீவி டார்ச்சை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க சொன்னதை ஒருத்தரும் கேக்கல சார், சொக்காரன் செத்தா தீட்டுன்னு வீட்டுல இருந்த தண்ணியெல்லாம் கொட்டியிருக்காவ, வாரா வாரம் கொட்டணும்னு சர்க்குலர்ல இருக்கே, அடுத்த வாரத்துக்கு மைக்குல சொல்ல யாரு பேரைக் குடுக்கட்டும்?”