விழாத பன்னிரண்டாம் கல்

நான் பணி ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியன். ஒரு பொருள் இன்னொரு பொருளோடு ஏன் ஒட்டுகிறது என்பதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் பல தலைமுறை மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் என் கையால் நானே ஒட்டியவை மொத்தம் பன்னிரண்டுதான். (தபால்தலைகளை என் மனைவி ஒட்டுவாள்.) அந்தப் பன்னிரண்டில் பதினொன்று விழுந்துவிட்டன. அவை ஏன் விழுந்தன என்பது ஊருக்கே தெரியும். மிச்சமிருக்கும் ஒன்று ஏன் விழவில்லை என்பது எனக்கும் தெரியாது.

என் மகள் சுபா கட்டடப் பொறியாளர். பெரிய நிறுவன வேலையை விட்டுவிட்டு, சிமெண்டைக் குறைத்து வீடு கட்டித் தருகிறேன் என்று சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். காட்டுவதற்கு ஒரு கட்டடம் வேண்டுமே! திற்பரப்புப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஓர் அலுவலகம் எழுப்பினாள். சுவர் முழுக்க, மண்ணை இயந்திரத்தில் அழுத்திச் செய்த, சூளையைக் கண்ணால் பார்க்காத கற்கள். குளியலறையின் ஒரு சுவருக்கு மட்டும் டைல்ஸ். உடைந்த டைல்களை அரைத்துச் சேர்த்துச் செய்த, இரண்டடிச் சதுரப் பலகைகள் பன்னிரண்டு.

அந்தக் கட்டடத்தைப் பார்க்கத் தேங்காப்பட்டணத்திலிருந்து இக்பால் வருவதாக இருந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர், கடலோரத்தில் வீடு கட்ட நினைத்தவர். அவருக்கு மண்கல் பிடித்திருந்தது. அவருடைய உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. உம்மா நேரில் பார்த்துச் சரி என்றால்தான் வேலை. இந்த வேலை கிடைக்காவிட்டால் பழைய நிறுவனத்துக்கே திரும்பிப் போவது என்று சுபா முடிவு செய்திருந்தாள். எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

டைல்ஸ் ஒட்டுவதற்கென்று அவள் ஒரு பசை மூட்டை வாங்கி வைத்திருந்தாள். "சாதா சிமெண்டுப் பால் தேச்சு ஒட்டினா போதாதா?" என்று கேட்டேன்.

"அது பழைய சிவப்பு ஓட்டுக்குப் போதும்ப்பா. அது தண்ணி குடிக்கும், பிடிச்சுக்கிடும். இந்தப் பலகை ஒரு சொட்டு குடிக்காது. இந்த மண்செவரோ இருக்க தண்ணி எல்லாத்தையும் உறிஞ்சிரும். நடுவுல நிக்கிற பசைதான் ரெண்டு பேருக்கும் பேசித் தீக்கணும். வெயிலுக்கு இவன் விரிவான், அவன் விரியமாட்டான். அதுக்கும் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும்."

நான் அசந்துபோனேன். நகக்கனம் பசை, அவ்வளவு கனமான பலகையைத் தூக்கிக்கொண்டு, தாகம் மிகுந்த சுவரையும் தாகமே இல்லாத கல்லையும் சமாதானப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் நிற்கிறது! எத்தனை குளியலறையில் எத்தனை ஆயிரம் முறை இதன் முன்னால் நின்று பல் தேய்த்திருக்கிறேன்! ஒருநாளும் வியந்ததில்லை.

வியப்போடு நிறுத்தியிருக்கலாம். மூட்டையின் முதுகைப் படித்தேன். பாலிமர் கலந்தது என்று போட்டிருந்தது. பாலிமர்! வெளியே எட்டிப் பார்த்தால் மரத்துக்கு மரம் சிரட்டையில் பாலிமர் வடிந்துகொண்டிருக்கிறது. ரப்பர் பால் பாலிமர் இல்லாமல் வேறென்ன? அதோடு உமிச்சாம்பலும் சிப்பிச் சுண்ணாம்பும் கொஞ்சம்போல சிமெண்டும் சேர்த்தால், முழுக்க முழுக்க நம் மண்ணில் விளைந்த பசை. மகளுக்கு ஓர் ஆச்சரியப் பரிசு. உலகத்துக்கும்தான். (உலகம் கேட்கவில்லை. மகளும் கேட்கவில்லை.)

சுபா ஏதோ பயிற்சிக்காகச் சென்னைக்குக் கிளம்பினாள். "அப்பா, நான் வாறது வரைக்கும் ஒண்ணையும் தொடாண்டாம். ஸ்டீபன் அண்ணன் ஒட்டிக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஸ்டீபன் கொத்தனார் துபாயில் பெரிய பெரிய கட்டடங்களில் டைல்ஸ் ஒட்டியவர். அவர் என்னைத் தடுத்திருப்பார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நானும் எதிர்பார்த்தேன்.

"ரப்பர் பாலா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "கொள்ளாமே சாரே, நல்ல யோசன! பால் சட்டையில பட்டா சாவுறது வரைக்கும் போவாது. செவருல பட்டா போவுமா?"

"அதுதான் அறிவியல், ஸ்டீபன்."

"நாம இதுக்கு ஒரு பேரு வைக்கணும் சாரே. சாக்குல உம்ம படம் போடணும்."

என் படத்தைப் பற்றிச் சொன்ன பிறகு எந்தச் சந்தேகமும் எனக்கு மிஞ்சவில்லை. பலகைகளை ஒட்டுவது நான், தூக்கிப் பிடிப்பது அவர் என்று பிரித்துக்கொண்டோம். முதல் வாளிக் கலவை கண்முன்னால் பன்னீர்க்கட்டி போலத் திரிந்தது. இரண்டாவதில் தண்ணீரைக் கூட்டினேன். மூன்றாவதில் சுண்ணாம்பைக் குறைத்தேன். அதற்குப் பிறகு உற்சாகத்தில் கைக்கு வந்ததை அள்ளிப் போட்டேன். கடைசி வாளியில் மிச்சம் மீதியெல்லாம் விழுந்தது. கலக்கியதை எழுதி வைக்கவில்லை என்பதற்காக எத்தனை மாணவர்களை ஆய்வகத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்! ஸ்டீபனுக்கு அது தெரிந்திருந்தால் என்னை வெளியே நிறுத்தியிருக்கலாம்.

மாலையில் பன்னிரண்டு பலகையும் நூல் பிடித்தாற்போல் நின்றன. நான் சற்று நேரம் கைகட்டி நின்று பார்த்தேன். மலையையோ கடலையோ பார்க்கும்போது வரும் அமைதி.

அடுத்த நான்கு நாளும் மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஈரம் ஏற ஏற, குளியலறையிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையைக் கடந்து போனவர்களுக்கு அது புரியும்.

"என்ன எழவு நாத்தம் இது? எலி கிலி செத்துக் கிடக்கா?" என்றாள் என் மனைவி விமலா.

"அது உலர்கிற மணம்" என்றேன். வெளிப்புறம் மட்டும் தோல் கட்டி, உள்ளே கலவை பச்சையாகவே இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

சுபா திரும்பி வந்த அன்று காலையிலேயே இக்பாலும் உம்மாவும் வந்துவிட்டார்கள். அவள் குளியலறையைப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை. உம்மா சுவரை முறைத்துப் பார்த்தார்.

"மண்ணு செவரு மழையில கரைஞ்சு போவாதா மோளே?"

"போவாது உம்மா. வாங்க, குளிக்கிற ரூமையே காட்டுறேன்."

எல்லோரும் வாசலில் நின்றார்கள். இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று நான் உள்ளே நுழைந்து, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வகுப்பெடுக்கும் குரலில் தொடங்கினேன். "இந்தச் சுவரில் நீங்கள் காண்பது ஒரு புதுமை. கடையில் வாங்கிய பசை இல்லை. நம் தோட்டத்து..."

சுபாவின் முகம் மாறியது. அது பெருமிதம் என்றே நினைத்தேன்.

"சாரே, இங்கோட்டு சாடுங்க!" என்று ஸ்டீபன் அலறினார்.

அவர் பக்கம் தாவிக் குதித்தேன். திரும்பிப் பார்த்தேன். மேல்வரிசையின் முதல் பலகை சபைக்கு வணக்கம் சொல்வதுபோல் மெதுவாக முன்னால் குனிந்தது. உடனே விழவில்லை. சுவருக்கும் அதற்கும் நடுவில் நூற்றுக்கணக்கான வெள்ளை இழைகள் நீண்டன, மெலிந்தன, ஜன்னல் வெளிச்சத்தில் பட்டுபோல் மின்னின. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அல்லாவே! செவரு இடியாப்பம் புழியுதே!" என்றார் உம்மா.

பிறகு அது விழுந்தது. அதன் பக்கத்திலிருந்தது விழுந்தது. நடுவரிசையும் கீழ்வரிசையும் அவற்றைப் பின்பற்றின. ஸ்டீபன் ஓடிப்போய் ஒன்றைக் கட்டிப்பிடித்தார். பலகை கையோடு வந்துவிட, சட்டை முழுக்கப் பால். (அந்தச் சட்டையை அவர் இன்னும் எனக்குக் காட்டுகிறார். அவர் சொன்னது சரிதான், போகவில்லை.)

சத்தம் அடங்கியபோது தரையெல்லாம் சில்லு. நான் சுபாவைப் பார்த்தேன். அவளுடைய புதுத் தொழில் என் காலடியில் நொறுங்கிக் கிடந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

அவள் என்னை ஏசவில்லை. உம்மாவைப் பார்த்து, "இது எனக்க கட்டடம் உம்மா. என்ன நடந்தாலும் பொறுப்பு நானாக்கும்" என்றாள். சொன்னது அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது அந்தத் திடம்? நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை.

உம்மா சில்லுகளைத் தாண்டி உள்ளே போனார். சுவரை உள்ளங்கையால் தடவினார், நகத்தால் சுரண்டினார், மோதிரத்தால் தட்டினார்.

"ஏலே இக்பாலே, இங்க பாரு. இத்தற சாதனம் இடிச்சு விழுந்திருக்கு, செவருக்கு ஒரு கீறல் இல்ல. நாலு நாளு ஈரம் குடிச்சிருக்கு, ஒரு துளி மண்ணு உதிரல்ல. இந்தக் கல்லு மதி, வேற வேண்டாம்."

இக்பால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அது என்னது?"

மேல்வரிசை மூலையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், கடைசியாக ஒட்டிய பன்னிரண்டாவது பலகை தன்னந்தனியாக நின்றது. இக்பால் இழுத்துப் பார்த்தார். ஸ்டீபன் கடப்பாரையை நுழைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. சுபா விரல் முட்டியால் தட்டினாள். வெற்றுச் சத்தம் கொஞ்சமும் இல்லை. அவள் என் பக்கம் திரும்பியபோது கண்ணில் கோபம் இல்லை. அது நான் அடிக்கடி கண்ணாடியில் பார்த்த ஆசை.

"அப்பா, அந்தக் கடைசி வாளியில என்ன போட்டீங்க?"

"எழுதி வைக்கல்ல மக்கா" என்றேன்.

வேலை சுபாவுக்கே கிடைத்தது. உம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "ஒனக்க வாப்பா சைட்டுக்கு வரப்பிடாது." வீடு முடிந்து விருந்துக்கு அழைத்தபோதும், முற்றத்தில் நாற்காலி போட்டு, "ஸாரே, இங்கன இருங்க. செவர மட்டும் தொடாண்டாம்" என்றார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பிரியாணிக்குக் காத்திருந்தேன்.

மற்ற பதினொரு இடத்தையும் சுபா தன் மூட்டைப் பசையால் புதுப் பலகை ஒட்டி நிரப்பினாள். பன்னிரண்டாவதை அப்படியே விட்டுவிட்டாள். ரப்பர் பாலில் விதவிதமாகக் கலந்து இன்றுவரை சோதிக்கிறாள். ஒன்றுகூட அதைப்போல் நிற்கவில்லை. கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கு எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் கல் என்று பெயர்.

சென்ற ஆண்டு எனக்கு நெஞ்சுவலி வந்தது. எல்லா ஸ்கேன் படத்தையும் பார்த்து முடித்த டாக்டர் வியப்போடு சுபாவிடம் கேட்டார்: "இத்தனை அடைப்பை வச்சுக்கிட்டு இவரு எப்படித் தாங்குனாரு?"

"அவரு பன்னெண்டாம் கல்லு டாக்டர்" என்றாள் சுபா. "என்னத்தப் போட்டு ஒட்டுனாங்கன்னு யாரும் எழுதி வைக்கல்ல."