ரசம் வைத்தால் சத்தம் வராது

அறிவுச்செல்வனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லேப்டாப் கெட்டுப் போயிருந்தது.

கெட்டுப் போனதில் அவருக்கு அதிர்ச்சி இல்லை. மாதத்துக்கு நாலைந்து தடவை கெட்டுப் போகிற லேப்டாப்தான் அது. அவர் கெடுக்காமல் தானாகக் கெட்டுப் போயிருக்கிறதே, அதுதான் அதிர்ச்சி. இப்படியும் நடக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"என்னங்க, நான் பேசுறது அவங்களுக்கு நல்லாக் கேக்குதாம். மூஞ்சி மட்டும் தெரியலையாம். ஒரே இருட்டாம்" என்றாள் அவர் மனைவி சுகுணா.

விஜயதசமி காலை. சுகுணா பட்டுப்புடவை கட்டி, கீரமங்கலத்து மல்லிகையைத் தலை கொள்ளாமல் வைத்திருந்தாள். இருக்காதா பின்னே? இதுவரை உள்ளூர்ப் பெண்களுக்கு ஆன்லைனில் ஆரி வேலை சொல்லிக் கொடுத்தவள். கல்யாண ரவிக்கையில் ஊசியால் பூவும் மயிலும் போடுகிற வேலை. இன்றைக்கு முதல்முறையாகச் சிங்கப்பூரில் இருக்கும் நம்மூர்ப் பெண்களுக்கு வகுப்பு. ஊசி பிடிப்பதைக் காட்டவேண்டிய நேரத்தில் கேமரா கண்ணை மூடிக்கொண்டது.

"நீ பதறாத. நான் பாத்துக்கிறேன்" என்றார் அறிவுச்செல்வன். இதை மட்டும் சரிசெய்யாவிட்டால் பொங்கல் வரைக்கும் அவர் கதி அதோகதி.

அது ஏன் என்று சொல்ல வேண்டும்.

அறிவுச்செல்வன் கீரமங்கலம் கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கிறார். விவசாயி ஒருவர் வாடின இலையைக் கொண்டுவந்து நீட்டினால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். முகர்வார். நெற்றியில் கைவைத்துக் கண்ணை மூடுவார். "பெரிய கோளாறுதான். சரி பண்ணிடலாம்" என்பார். அப்புறம் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுப்பார். எந்த மருந்து கேட்டது என்று பயிருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பயிர் பிழைத்தால் அவருடைய கைராசி. பிழைக்காவிட்டால் மழை சரியில்லை.

கடையில் இவ்வளவு மரியாதை. வீட்டில்? சுகுணா ஆரி வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் அவரைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அவள் பார்வையெல்லாம் லேப்டாப் மேல். சமையல் ரசத்துக்கும் அப்பளத்துக்கும் இறங்கிவிட்டது. அவருக்குப் பொறாமை. மனுஷன் மேல் பொறாமைப்பட்டால் சண்டையாவது போடலாம். லேப்டாப்போடு எப்படிச் சண்டை போடுவது?

அது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். மகள் இப்போது கோயம்புத்தூர் விடுதியில். லேப்டாப் மட்டும் வீட்டோடு மூப்படைந்து கிடந்தது. பொத்தானை அழுத்திவிட்டு அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஆலங்குடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பன் நிலவழகன் சொன்னான்.

"மாப்ளே, உள்ள இருக்குற விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸைப் போடு. காசே கெடையாது. ஒலகத்துல யாரு வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம். கெழட்டுக் காளையும் வாடிவாசல்ல சீறிக்கிட்டு வரும்."

பென்டிரைவில் கொடுத்தும் அனுப்பினான். சுகுணா சும்மா இருப்பாளா?

"பழகாத சாமானுங்க. ஏதாச்சும் கோளாறு வந்தா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"ஒங்களால முடியாத கோளாறா வந்தா?"

அறிவுச்செல்வனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படி ஒண்ணு வந்துச்சுன்னா அன்னையிலேர்ந்து காலைப் பலகாரம் என் பொறுப்பு. தோசை, சட்னி, காபி, எல்லாம்!"

"எதுவரைக்கும்?"

"பொங்கல் வரைக்கும்!"

"சாமி முன்னாடி சொல்லுவீங்களா?"

"ஏத்து சூடத்தை!"

ஏற்றினாள். அடித்தார் சத்தியம். அடுப்படியில் தண்ணீர்க்குடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷன்.

லினக்ஸ் ஏறியது. லேப்டாப் உண்மையிலேயே சீறிக்கொண்டு வந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. இணையத்தில் தேடினார். வீட்டில் இல்லாத டிவிக்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது, திசை மாற்றிவிடு என்று எவனோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். மாற்றினார். சத்தம் வந்தது. சுகுணா பூரித்துப்போய் அன்று மத்தியானம் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

இரண்டாவது கால் துண்டைக் கடிக்கும்போதுதான் அறிவுச்செல்வனுக்கு அந்த யோசனை உதித்தது. கோளாறு வந்தால் கோழி வருகிறது. கோளாறு எப்போது வரும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்?

அன்றிலிருந்து அவர் ராஜ்யம். கடையிலிருந்து சாப்பிட வந்ததும் மூக்கால் மோப்பம் பிடிப்பார். ரச வாடை வந்தால் போதும், சுகுணா கொல்லைப்பக்கம் போகிற நேரம் பார்த்துச் சத்தத்தை அடைத்துவிடுவார். இன்னொரு நாள் வைஃபை படுத்துவிடும். இன்னொரு நாள் அம்புக்குறி நகராது. சுகுணா "என்னங்க, இங்கிட்டு வாங்களேன்" என்று கூப்பிடுவாள். இவர் அவசரப்படாமல் வருவார். நெற்றியில் கை. கண் மூடல்.

"பெரிய கோளாறுதான். சரி பண்ணிடலாம். மொதல்ல ஒரு நல்ல காபி கொண்டா."

காபி வரும். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து எதையாவது தட்டுவார். பாஸ்வேர்டு கேட்கும். அதில் ஒரு விசேஷம். லினக்ஸில் பாஸ்வேர்டு அடித்தால் புள்ளிகூட விழாது.

"என்னங்க, அடிச்சிக்கிட்டே இருக்கீங்க, ஒண்ணுமே விழுகலையே?"

"விழுகாது. அதான் பாதுகாப்பு. பக்கத்துல இருக்குறவங்களுக்குத் தெரியக் கூடாதுல்ல."

"அப்படிங்களா" என்று சுகுணா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு எழுத்தையும் முணுமுணுத்துக்கொண்டே அடிப்பது அவர் பழக்கம்.

இப்படி ஆடி, ஆவணி, புரட்டாசி என்று ராஜ்யம் ஓடியது. நேற்று ஆயுத பூஜை. கடைத் தராசு, பைக், மிக்ஸி, கிரைண்டர், லேப்டாப் எல்லாவற்றையும் துடைத்துச் சாமி முன்னால் வைத்தார்கள். பைக்குக்கு இவர் மாலை போட்டார். மற்றவற்றுக்குச் சுகுணா பொட்டு வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து நிறுத்தி, மேல் சட்டத்தில் நட்டநடுவே, மனுஷருக்கு வைப்பதுபோல நெற்றி பார்த்துச் சந்தனத்தைத் தடிமனாக அப்பி, அதன்மேல் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது வழக்கம். தொடவில்லை. அறிவுச்செல்வன் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

அப்படியிருக்க, கேமரா எப்படிக் கெட்டது?

கேமரா இருக்கிறதா என்று கட்டளை போட்டுக் கேட்டார். இருக்கிறது என்றது. வேலை செய்கிறதா? செய்கிறது என்றது. அப்புறம் ஏன் இருட்டு? அதற்குப் பதில் இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தார். லினக்ஸின் பழைய பதிப்பை ஏற்றிப் பார்த்தார். இணையத்தில் எந்த நாட்டுக்காரனோ எழுதியிருந்த கட்டளையை அப்படியே அடித்தார். அது கேமராவைத் தூக்கிவிட்டு மறுபடி மாட்டியது. இருட்டு இருட்டாகவே இருந்தது.

சுகுணா வந்து எட்டிப் பார்த்தாள். "முடியலைங்களா?"

"யாரு சொன்னா?"

"சரி, நான் மறுபடி வகுப்புல சேந்துக்கிறேன். காத்துக்கிட்டு இருக்காங்கல்ல, பாவம்" என்று எதையோ அழுத்தினாள். "நீங்க பாத்துக்கிட்டே இருங்க. வடைக்கு எண்ணெய் காயுது" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அறிவுச்செல்வன் வகுப்புச் சன்னலைக் கீழே இறக்கிவிட்டுக் கறுப்புத் திரையைப் பெரிதாக்கினார். ஒன்றும் ஓடவில்லை. எதிரே லேப்டாப்பின் நெற்றியில் பொட்டு மங்களகரமாக இருந்தது. அதைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தாயே சரஸ்வதி, நீதான் காப்பாத்தணும்."

பொட்டு அசையவில்லை. கடைசியில் செல்போனை எடுத்து நிலவழகனைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் குரலைத் தாழ்த்தினால் கடைவீதி வரைக்கும்தான் கேட்கும்.

"மாப்ளே, கேமரா செத்துருச்சுடா!"

"நீ என்னடா பண்ணுன?"

"நான் ஒண்ணுமே பண்ணலடா. அதான் பயமா இருக்கு! சத்தத்தை அடைச்சது நான். வைஃபையை நிறுத்துனது நான். அம்புக்குறியைக் கட்டிப்போட்டது நான். எல்லாத்தையும் நானே கெடுத்து நானே சரி பண்ணுனேன். இதை மட்டும் சத்தியமா நான் தொடல!"

"நல்லா இருந்ததை என்னத்துக்குடா கெடுத்த?"

"ரசம்டா! தெனம் ரசம். கோளாறு வந்தாத்தான் கோழி வருது. நான் என்ன செய்ய?"

அந்த நேரம் பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. அறிவுச்செல்வன் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. லேப்டாப்தான் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் சிரித்தது போய், ஒரு கூட்டமே சிரித்தது.

"அக்கா!" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு குரல் கத்தியது. "அண்ணன் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாருக்கா!"

"நாங்க இங்க நல்ல ரசத்துக்கு ஏங்கிக் கெடக்குறோம். அண்ணனுக்குக் கோழி கேக்குது!" என்றது இன்னொரு குரல்.

கேமராதான் குருடு. மைக்குக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது. செல்போன் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

அடுப்படியிலிருந்து சுகுணா வந்தாள். கையில் வடைக் கரண்டி. முந்தானை நுனியை லேசாக ஈரமாக்கி, லேப்டாப்பின் நெற்றியில் ஒரே துடைப்பு. சந்தனம் போனது. திரையில் அறிவுச்செல்வனின் முகம் வந்தது. பேய் அறைந்த முகம். சிங்கப்பூர் முழுக்க அதைப் பார்த்துக் கைதட்டியது.

"சுகுணா... ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது கோளாறுலயே தெரியும்ங்க. மெஷினுக்கு நம்ம வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு எப்படித் தெரியும்? ரசம் வெச்ச அன்னைக்குச் சத்தம் நிக்குது. சாம்பார் வெச்சா வைஃபை நிக்குது. ஒரு நாளு சத்தம் நின்ன ஒடனே, அடுப்படியில நின்னுக்கிட்டு 'கோழி வாங்கியாங்க'ன்னு சும்மா சொல்லிப் பாத்தேன். வாயை மூடல, லேப்டாப் பாடுச்சு. அடுத்த தடவை மீனுன்னு சொன்னேன். அதுக்கும் பாடுச்சு. நீங்க மூணு மருந்தைச் சேத்துக் குடுப்பீங்க. நான் ஒவ்வொண்ணாக் குடுத்துப் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பச் சொன்னா வெறும் சண்டை. இப்பச் சொன்னா காலைப் பலகாரம்."

அறிவுச்செல்வன் கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தார். "இது செல்லாது! கேமராவைக் கெடுத்தது நீ. வேணும்னே பொட்டை அங்க வெச்சிருக்க!"

சுகுணா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமிக்கு வெச்ச பொட்டைக் கோளாறுன்னு சொல்றீங்களா? வாங்க, சூடம் ஏத்துறேன். சாமி முன்னாடி அதையும் சொல்லுங்க."

அவர் போகவில்லை. எப்படிப் போவார்?

மறுநாள் காலை. வழக்கமாக டீக்கடையில் பேப்பர் படிக்கிற நேரத்தில் அறிவுச்செல்வன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். கூடத்தில் சுகுணா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஊசி பிடிக்கக் காட்டிக்கொண்டிருந்தாள். கேமரா பளிச்சென்று இருந்தது. தேங்காயை ஒருவழியாக உடைத்து, பாதியைத் தரையிலிருந்து பொறுக்கி, கழுவி, பொட்டுக்கடலை, மிளகாயோடு மிக்ஸியில் போட்டு ஸ்விட்சைத் திருகினார். மிக்ஸி ஓடவில்லை.

பிளக்கைப் பார்த்தார். சரியாக இருந்தது. கரண்டு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பட்டது போதும் என்று மிக்ஸியின் நெற்றியில் இருந்த பொட்டை நன்றாகச் சுரண்டித் துடைத்தார். மறுபடி திருகினார். ம்ஹூம். தோசைக்கல் புகைந்தது. வயிறு காந்தியது.

"சுகுணா, மிக்ஸி ஓடமாட்டேங்குது. கொஞ்சம் இங்கிட்டு வாயேன்."

சுகுணா அவசரப்படாமல் எழுந்து வந்தாள். மிக்ஸியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நெற்றியில் கைவைத்துக் கண்ணை மூடினாள்.

"பெரிய கோளாறுதாங்க. சரி பண்ணிடலாம். மொதல்ல ஒரு நல்ல காபி கொண்டாங்க."