கந்தசாமி கொல்லையில் காட்சி நேரம்

அவரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு. திடமாக இருந்தார். கந்தசாமியின் கொல்லையில் நின்று, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார். சுற்றி நின்ற நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அவர் ஒரு காட்டுப்பன்றி. மரியாதையோடு எழுதக் காரணம் உண்டு. பின்னாளில் அரசாங்கமே அவரை மரியாதையாக நடத்தியது. முதலில் மட்டும், அவர் இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை.

வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையோரத்தில் இருக்கிறது அந்தக் கொல்லை. கந்தசாமியும் மனைவி கொளஞ்சியம்மாளும் அதில் மரவள்ளி போட்டுத்தான் வருஷத்தை ஓட்டினார்கள். கிழங்கு பருக்கும் நேரம் பார்த்துப் பன்றி வந்து கிண்டிவிடும். போன வருஷம் பாதிக் கொல்லை போயிற்று. இந்த வருஷமும் போனால் ஊரை விட்டுக் கரும்பு வெட்டத்தான் போகவேண்டும் என்று கந்தசாமி என்னிடம் சொல்லியிருந்தார்.

பன்றியை விரட்டித் தரும்படி ஒரு மனு எழுதிக்கொண்டு, வனவிலங்கு இருப்பு மற்றும் வார இறுதிக் காட்சிகள் ஒருங்கிணைப்புப் பிரிவுக்குப் போனார். அங்கே அலுவலர் செழியன். யார் மனதையும் புண்படுத்தாமல் மறுக்கத் தெரிந்தவர். கணக்கெடுப்பின்படி காட்டுப்பன்றிகள் சாலைக்கு அந்தப் பக்கம் மட்டுமே வசிக்கின்றன, இந்தப் பக்கம் கிடையாது என்று வருத்தத்தோடு தெரிவித்தார்.

“அப்ப எங் கொல்லையில கெழங்கு துன்றது இன்னாங்க சார்?”

“அது எங்களுக்குத் தெரியாதுங்க. ஆனா காட்டுப்பன்றி இல்ல.”

“மூஞ்சி பன்னி மாதிரிதாங்க இருக்குது.”

“மூஞ்சிய வச்சு நாங்க எதையும் முடிவு பண்றதில்லீங்க.”

கந்தசாமி திரும்பி வந்து, வழக்கம்போலத் தகரத்தைத் தட்டிக்கொண்டு கொல்லையில் படுத்தார்.

இதற்கிடையில் கள்ளக்குறிச்சியில் ஒரு மாற்றம் வந்திருந்தது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிச்சோறு தின்று தூங்குவார்கள். இப்போது வீட்டில் தூங்குவது அவமானமாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் கேள்வியே, எங்கே போனீர்கள் என்பதுதான். எங்கும் போகாதவர்கள் காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தார்கள். மற்றவர்கள் முதலில் மியூசியத்துக்குப் போய், முதுமக்கள் தாழியின் முன்னால் குடும்பத்தோடு சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு காரில் மலையேறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, அடுத்த வளைவைப் படம் எடுத்தார்கள். ‘வனவிலங்குகள் நடமாடும் பகுதி’ என்ற பலகையோடும் எடுத்தார்கள். விலங்கைத்தான் காணவில்லை. குரங்கை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை, அது வீட்டு மாடிக்கே வருகிறது.

பலகையில் சொன்னபடி விலங்கு இல்லை என்று புகார்கள் போயின. அறிவிக்கப்பட்ட விலங்கு வாரந்தோறும் வழங்கப்பட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

மறுநாளே செழியன் கந்தசாமி வீட்டுக்கு வந்தார். அந்தப் பன்றி இன்னும் வருகிறதா என்று கேட்டார். பன்றி என்ற சொல்லை அவர் வாயால் கேட்ட சந்தோஷத்தில் கொளஞ்சியம்மாள் காப்பி போட்டாள். “ஒத்துக்கினாங்கண்ணே” என்று கந்தசாமி என் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

விரட்டுவதற்கு ஆள் வரவில்லை. கயிறும் பலகையும் வந்தன. கொல்லை ‘காட்சிப் புலம்’ ஆயிற்று. இனி தகரம் தட்டக்கூடாது. கிழங்கு பிடுங்கக்கூடாது, அது வனவிலங்கின் வாயிலிருந்து உணவைப் பறிப்பதாகும்.

“நட்டது நானுங்க சார்.”

“அதுக்கு எங்க பிரிவு சார்பா பாராட்டுங்க.”

ஒரு சிக்கல் இருந்தது. பன்றி வருவது விடிவதற்கு முன்னால். ஜனங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து சேர மணி பதினொன்று ஆகிவிடும்.

“பதினோரு மணிக்கு வரச் சொல்ல முடியுங்களா?” என்றார் செழியன்.

“அதுங்கிட்ட எப்பிடிங்க சொல்றது?”

“சொல்லிப் பாத்தீங்களா?”

சொல்லிப் பார்க்கவில்லை என்பதைக் கந்தசாமி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன்பிறகு, தினமும் அந்த நேரத்துக்குக் கிழங்கைப் பிடுங்கி, வெல்லம் தடவி வைக்கும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. கொஞ்ச நாளில் பன்றி நேரத்தை மாற்றிக்கொண்டது. அரசாங்கம் சொன்ன நேரத்துக்கு வந்தவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

கூட்டம் அலைமோதியது. கள்ளக்குறிச்சியிலிருந்து சுபஸ்ரீ என்ற பெண் பச்சையும் பழுப்புமாகப் பட்டாளத்துச் சட்டை போட்டு வந்தாள். காட்டுக்கு வந்தால் காடு மாதிரித் தெரிய வேண்டுமாம். அவள் முதுகுக்குப் பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. கந்தசாமியின் சொந்தக்காரர்களே களமருதூரிலிருந்து வேன் பிடித்து வந்து, நல்ல இடம் வேண்டுமென்று செடிகளுக்குள் இறங்கினார்கள். நானும் போனேன். என் மனைவி இருந்திருந்தால், கிழங்கு போவதைப் பார்க்காமல் பன்றியைப் பார்க்கிறாயே என்று கேட்டிருப்பாள்.

அடுத்த வாரம் ஏற்பாடுகளைப் பார்வையிட ஒரு மேலதிகாரி வந்தார். அவருக்கு நேரமாகிவிட்டது, கார் வேகமாக வந்தது. பன்றி நேரம் தவறாமல் சாலையைக் கடந்தது. கொல்லைக்குப் பக்கத்திலேயே கார் அதை இடித்தது.

அதிகாரியின் கார் வனவிலங்கைக் கொன்றதா என்ற கேள்வி எழுந்தபோது, செழியன் பழைய கணக்கெடுப்பை எடுத்துக் காட்டினார். உடல் கிடந்தது சாலைக்கு இந்தப் பக்கம். இந்தப் பக்கம் காட்டுப்பன்றி கிடையாது. ஆகவே எதுவும் சாகவில்லை.

சாகாத அதைப் பாடம் செய்து, கண்ணாடிக் கண் வைத்து மியூசியத்தில் நிறுத்தினார்கள். ‘இப்பகுதியில் முன்பு வாழ்ந்த காட்டுப்பன்றி’ என்று கீழே எழுதினார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நின்றது.

கந்தசாமி மறுபடி அலுவலகம் போனார். மற்ற பன்றிகள் குட்டிகளோடு வருகின்றன, தகரமாவது தட்டிக்கொள்கிறேன் என்றார்.

“முன்பு வாழ்ந்ததுன்னு எழுதி வச்சாச்சுங்களே. இப்பவும் இருக்குன்னா, அது பொய்யாயிடுங்களே” என்றார் செழியன்.

கந்தசாமி எழுந்தார். “அப்ப எங் கொல்லையில பலகையே நட்டு வைங்க சார். அதாச்சும் வெளையட்டும்.”

செழியன் அதைக் கோரிக்கையாக ஏற்றுக்கொண்டார். பன்றி கிழங்கு தின்ற இடம் என்று பெரிய பலகை நட்டார்கள். மியூசியம் பார்த்தவர்கள் அதையும் பார்க்க வந்ததால், வசதிக்காகச் செடிகளை எடுத்துத் தரையைச் சமன் செய்தார்கள்.

கந்தசாமியும் கொளஞ்சியம்மாளும் எலவனாசூர்கோட்டைப் பக்கம் கரும்பு வெட்டுகிறார்கள். கொல்லையில் கார்கள் நிற்கின்றன. சென்னையிலிருந்து வந்தால் என் மகனும் அங்கேதான் நிறுத்துகிறான்.