அறுபத்தொரு ‘கெட்’டும் ஓர் எண்ணெய்க் குழியும்

ஆங்கிலத்தில் எனக்கு முழுதாகத் தெரிந்த வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான்: ‘கெட்’. அகராதியில் அதற்கு மட்டும் மூன்று பக்கம். தொண்ணூறுகளின் நடுவில், மைசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தபோது, நாளுக்கு ஒரு பொருள் வீதம் தேதி போட்டு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். அறுபத்தொரு பொருள். (காய்ச்சலில் படுத்த இரண்டு நாளுக்கும் ‘விடுமுறை’ என்று பதிவு உண்டு.)

இந்தப் புகழ் மேனேஜர் காதுக்குப் போனது. புது எந்திரத்தை ஓட்டிக் காட்ட வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் வருவதாக இருந்தது.

“நீங்கதான்ரீ அவர்கூட இருக்கணும்,” என்றார் தன் கன்னடத் தமிழில். “எல்லாம் சரியாப் போனா ஆபீசர் போஸ்ட் உங்களுக்கே.”

வந்தவர் காமிராவும் கையுமாக இருந்தார். எந்திரம் முழுதும் படத்தில் விழவேண்டும் என்று பின்பக்கமாகவே நகர்ந்தார். அவருக்குப் பின்னால் கழிவு எண்ணெய்க் குழி. மூடியை அன்றைக்கென்று கழுவ எடுத்திருந்தார்கள்.

“ஏதாவது சொல்லுங்கரீ!” என்று மேனேஜர் பதறினார்.

நோட்டு என் கண்முன் விரிந்தது. ‘கெட் பேக்’? பின்னால்தானே போய்க்கொண்டிருக்கிறார், உற்சாகப்படுத்தியது போலாகிவிடும். ‘கெட் டவுன்’? நேரே குழிக்குள் அனுப்பிவிடும். ‘கெட் அவுட்’ என்றால் விமானம் ஏறிவிடுவார், ஆபீசர் வேலையும் கூடவே ஏறிவிடும். இன்னும் ஐம்பத்தெட்டு பாக்கி. குழிக்கோ இரண்டே அடி.

“டேய்! நில்லுடா எருமை!”

என் குரல்தான். ஷெட்டே நின்றது. அவரும் நின்றார், ஒரு குதிகால் குழியின் விளிம்பில். அவரைப் பிடிக்க ஓடிய நான் சறுக்கி, அவரைத் தாண்டி, இடுப்பளவு எண்ணெயில் இறங்கினேன்.

“இது எத்தனாவது அர்த்தம்ரீ?” என்று மேனேஜர் மெல்லக் கேட்டார்.

வெளிநாட்டுக்காரர் குழியைப் பார்த்தார், தன் குதிகாலைப் பார்த்தார். கையை நீட்டி, “கெட் அப், மை ஃப்ரெண்ட்!” என்றார். (நாற்பத்து நான்காம் நாள் பாடம்.)

அன்று மாலை சிட்டி பஸ்ஸில் கண்டக்டர் என்னை உட்காரவே விடவில்லை. ஆனால் அடுத்த மாதம் நான் ஆபீசர். ‘ஆபத்தில் சரியான சொல்லைத் தேர்ந்தெடுப்பவர்’ என்று சிபாரிசுக் கடிதம் எழுதிவிட்டுப் போயிருந்தார் அந்த மனிதர். ஊர் திரும்பும்வரை யாரை நிறுத்துவதானாலும் “டேய்!” என்றுதான் கூப்பிட்டார், மேனேஜரையும் சேர்த்து. நான் திருத்தவில்லை.

இன்றும் எங்காவது வாயடைத்து நின்றால் மகள் கேட்கிறாள்: “அப்பா, நோட்டைப் பாக்கணுமா, இல்ல நேரா டேய்தானா?”

அதுவும் நோட்டில் இருக்கிறது. அறுபத்திரண்டாவது, தேதியோடு.