முள்ளங்கி மாப்பிள்ளையும் கட்டவிழாத பெட்டியும்

விரோட்ஸ்வாஃப்,
12 அக்டோபர் 1947.

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் குஸ்தாவுக்கு, தியோஃபில் எழுதிக்கொள்வது. நான் நலம். வழியில் இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவும் நலமாக இருக்கட்டும்.

யால்டாவில் மூன்று பெரிய தலைவர்கள் விருந்துக்கு நடுவே வரைபடத்தில் கோடு போட்டாலும் போட்டார்கள், நம் லுவூஃப் ரஷ்யாக்காரன் பக்கம் போய், ஜெர்மன்காரன் ஊரான இந்த விரோட்ஸ்வாஃப் நம் நாட்டிடம் வந்து, நானும் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கினேன். மறுபடி கூடிக் கோட்டைத் திருத்துவார்கள், ஊர் திரும்பலாம் என்று இரண்டு வருஷமாகக் கயிற்றை அவிழ்க்கவில்லை. தோட்டத்தில்கூட ஒரே மாதத்தில் விளைகிற முள்ளங்கியைத் தவிர எதுவும் போடவில்லை. டிராமில் கண்டக்டர் வேலை. தெருவுக்கெல்லாம் புதுப் பெயர், என் வாயில் நிற்பதில்லை, பழக்கதோஷத்தில் லுவூஃப் நிறுத்தங்களையே கூவிவிடுகிறேன். கல்லறைத் தோட்டம் வந்தால் நம் ஊர்க் கல்லறையின் பெயரைச் சொல்லி "லிச்சாகுஃப்" என்பேன், பூங்கொத்துக்காரிகள் சரியாக இறங்கிவிடுவார்கள், வண்டியில் பாதி நம் ஊர் ஜனம்தான். வெளியூர் இன்ஸ்பெக்டர் மட்டும் வழிதவறிப் போய், "யோவ், இது எந்த ஊரு டிராம்யா?" என்று மெமோ கொடுத்துவிட்டார்.

மச்சான், கோபிக்கக் கூடாது. உங்கள் தங்கை ஆஞ்செலா போய் ஏழு வருஷம். மாடியில் வலேரியா என்றொரு விதவை, நம் லுவூஃப்காரி. ஒரு கட்டு முள்ளங்கியோடு போய், கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டேன்.

"ஓடுறதுக்குப் பொட்டியைக் கட்டி வச்சிருக்கிற ஆளை நம்பி எப்படிங்க வர்றது? மொதல்ல கயித்தை அவுருங்க, முள்ளங்கி மாப்பிள்ளை."

"அந்த மூணு பேரும் மறுபடி கூடட்டும், வலேரியா."

"ஒருத்தர் செத்தே போயிட்டாரு. இன்னொருத்தரை ஊர்க்காரங்களே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." மூன்றாமவரைப் பற்றி அவள் சொன்னதை, பிரித்துப் படிக்கும் ஐயாவின் நலன் கருதி எழுதவில்லை.

எனக்கு அவளை நிஜமாகவே பிடித்திருக்கிறது. ஆனால் கயிற்றை அவிழ்த்தால், அங்கே மண்ணுக்குள் இருக்கும் ஆஞ்செலாவைக் கைவிட்டது போலாகாதா? ஆகவே பெட்டியும் அவிழாது, கல்யாணமும் இல்லை. இதுதான் என் இறுதி முடிவு.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கடவுள் உங்கள் கிராக்கூஃபை இருந்த இடத்திலேயே வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
தியோஃபில்

பி.கு.: இதற்கு உறை தேடிக் கயிற்றைக் கொஞ்சம்தான் தளர்த்தினேன். வலேரியா கத்தரிக்கோலோடு பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. திறந்ததும் மேலாகவே ஆஞ்செலாவின் கல்யாண மேஜைவிரிப்பு. அழுதுவிட்டேன். "நல்லா அழுங்க, துணியிலே படாம அழுங்க, இஸ்திரி போடணும்" என்றாள். இம்மாதக் கடைசி ஞாயிறு, கல்யாண விருந்துக்கு அதைத்தான் விரிக்கிறோம். நீங்கள் வந்தே ஆக வேண்டும். நான் "லிச்சாகுஃப்" என்று கூவியதும் இறங்கிவிடாதீர்கள். அடுத்த நிறுத்தம்தான் வீடு. அதன் புதுப் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.