ஆறு அருவிப் படமும் இரண்டு பெட்டித் தாளும்

என் மனைவியை ஒரு தடவையாவது ஜெயித்துவிடுவது என்று போன ஆடி மாதம் முடிவெடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து எடுத்த முடிவு இல்லை. ஐந்தருவியில் நடுக்கிளைக்குக் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு எடுத்தது. அவ்வளவு தண்ணீர் மண்டையில் விழுந்தால் யாருக்கும் கொஞ்சம் வீரம் வரத்தான் செய்யும். துண்டால் துவட்டினதும் போய்விடும். எனக்கு அன்றைக்குப் போகவில்லை. அதுதான் வினை.

என் பெயர் காந்திமதிநாதன். தென்காசியில் போட்டோ ஸ்டூடியோ. படிப்பு அஞ்சாங்கிளாஸ். அதற்கு மேல் படித்ததெல்லாம் இருட்டறையில்தான். வாசல் பக்கம் கம்ப்யூட்டர், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் என் மனைவி குழல்வாய்மொழி. பின்பக்கம் பிலிமிலிருந்து தாளில் கறுப்பு வெள்ளைப் படம் போடுகிற இருட்டறை நான். வெளிச்சம் முழுக்க அவளுக்கு, இருட்டு முழுக்க எனக்கு. முப்பத்தாறு வருஷமாக எங்கள் பாகப்பிரிவினை இதுதான்.

விவகாரத்தைக் கொண்டுவந்தவர் சேக் மைதீன். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் புதிதாக லாட்ஜ் கட்டியிருக்கிறார். நான் பிலிமில் எடுத்து வைத்திருந்த ஐந்தருவிப் படங்களில் ஆறைப் பொறுக்கினார்.

“அண்ணாச்சி, மிஷின்ல அடிச்ச படம் எனக்கு வேண்டாம். நீங்க கையால போட்டுக் குடுக்கணும். நூறு வருஷம் நிக்கணும். கீழ ஓரத்துல பென்சில்ல பேரு எழுதணும். ஹாலுல மாட்டுவேன். வாரவன் போறவன் வாசிக்கணும்.”

பேரு என்றதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே ஒரு குரல் வந்தது.

“யாரு பேரு?”

“படத்தப் போட்டவுக பேருதான் மதினி” என்றார் சேக் மைதீன்.

“போடுதது அவுக. எந்தத் தாளுல போடணும்னு சொல்லுதது நானு. அப்ப யாரு பேரு?”

சேக் மைதீன் விவரமானவர். செருப்பை மாட்டிக்கொண்டு, “ரெண்டு பேரும் பேசி வையிங்க” என்று படி இறங்கிவிட்டார்.

“ஏட்டி, ஊரு சிரிக்கும்” என்றேன்.

“எதுக்குச் சிரிக்கும்? ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்புல முப்பத்தாறு வருஷமா உங்க பேருதான. ஒரு தடவ என் பேரும் ஒரு சுவத்துல ஏறட்டுமே. என் தாளுல போட்ட படம் சேக் தம்பிக்குப் பிடிச்சா என் பேரு. உங்க தாளுல போட்டது பிடிச்சா உங்க பேரு. சரியா?”

“சரி” என்று சொல்லித் தொலைத்தேன்.

தாள் என்றால் கணக்கு நோட்டுத் தாள் இல்லை. படம் போடுகிற தாளில் ஒரு சாதி பிளாஸ்டிக் பூசினது. அஞ்சு நிமிஷம் கழுவினால் போதும், பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். இன்னொன்று ஃபைபர் பேப்பர். அசல் பருத்தி வேட்டி மாதிரி. தண்ணீரை வயிறு முட்டக் குடிக்கும். மணிக்கணக்கில் கழுவணும். காயும்போது அப்பளம் மாதிரிச் சுருளும். ஆனால் அதில் வருகிற கறுப்பு இருக்கிறதே, உள்ளே இறங்கி நடக்கலாம் போல இருக்கும்.

ஃபைபர்தான் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை வந்தது எந்த ஃபைபர் என்பதில். கூரியரில் இரண்டு பெட்டி வந்திருந்தது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே கனம், ஒரே பளபளப்பு. ஒரு பெட்டி குளிர்ந்த தாள். கறுப்பு காக்காய் மாதிரி, வெள்ளை புது வேட்டி மாதிரி. இன்னொன்று வெதுவெதுப்பான தாள். கறுப்பில் ஒரு சிட்டிகை காப்பிப் பொடி, வெள்ளையில் ஒரு சொட்டுப் பாலாடை.

“அருவின்னா தண்ணி. தண்ணின்னா குளுமை. குளுந்த தாள்தான்” என்றேன்.

“ஹாலுல என்ன லைட்டு?”

“எந்த ஹாலு?”

“படம் தொங்கப்போற ஹாலு.”

“அருவிக்கு எதுக்குட்டி லைட்டு?”

“நல்லாக் கேட்டீக. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். மஞ்ச பல்பு. சந்தனக் கலரு சுவரு. தேக்குக் கதவு. அங்கன உங்க குளுந்த தாளத் தொங்கவிட்டா, கல்யாண வீட்டுக்குள்ள கம்பவுண்டர் வெள்ளக் கோட்டோட நுழைஞ்ச மாதிரி இருக்கும். நீங்க அருவியப் பாக்கீக. நான் சுவத்தப் பாக்கேன்.”

அவள் சொன்னது சரி என்று பட்டது. அதனாலேயே ஒத்துக்கொள்ளக் கூடாது என்றும் பட்டது.

அன்றைக்குத்தான் ஐந்தருவிக்குப் போய்த் தலையைக் கொடுத்தேன். திட்டம் தானாக வந்தது. அவள் தாளில் போடுவதாகச் சொல்லிவிட்டு என் தாளில் போட்டுவிடுவது. சேக் மைதீன் ஆகா ஓகோ என்பார். இவள் பென்சிலைக் கையில் எடுப்பாள். அந்த நேரம் பார்த்து, “நில்லு, இது என் தாளு” என்பது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

“குழலு, யோசிச்சுப் பாத்தேன். உன் இஷ்டம். உன் தாளுலயே போட்டுருதேன்.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“அப்படியா?”

“ஆமா.”

“நல்லது. நாளைக்குக் கிருத்திகை. அடுத்த வீட்டு உமாராணியோட பண்பொழி மலைக்குப் போறேன். நீங்க நிம்மதியாப் போடுங்க. சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கும்.”

எதிரியே கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு, சோறும் வைத்துவிட்டுப் போகிறாள்! சந்தோஷத்தில் முக்கு டீக்கடைக்குப் போய் இரண்டு டீ குடித்தேன்.

மறுநாள் காலையில் அவள் பஸ் ஏறினதும் இருட்டறைக் கதவைச் சாத்தினேன். சிவப்பு லைட்டைப் போட்டேன். அவள் பெட்டியை ஓரமாகத் தள்ளினேன். என் பெட்டியை எடுத்தேன். வெளிச்சம் பட்டால் தாள் போச்சு. அதனால் பெட்டிக்குள் கறுப்புப் பை, பைக்குள் தாள். பெட்டி மூடியைக்கூட நான் சிவப்பு லைட்டில்தான் திறப்பேன். தொழில் பக்தி.

சாம்பிள் போட்டுப் பார்த்தேன். வழக்கத்தைவிட ஆறு செகண்டு கூட வெளிச்சம் கேட்டது. வோல்டேஜ் கம்மி போல என்று நினைத்துக்கொண்டேன். ஆறு படத்தையும் போட்டேன். பிறகு கழுவல். குளியலறையில் மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டி, இரண்டு மணி நேரம். விரல் பத்தும் ஊறப்போட்ட பாதாம் பருப்பாகிவிட்டது. சுருளாமல் இருக்கக் கண்ணாடிப் பலகையில் பசை நாடா வைத்து நாலு ஓரமும் ஒட்டிக் காயவைத்தேன்.

சாரல் காலம். காய்வதற்கு இரண்டு நாள் ஆனது. காய்ந்ததும் பார்த்தேன். படமா அது! பாறையில் கையை வைத்தால் ஈரம் ஒட்டும். ஆனால் கறுப்பில் லேசாகக் காப்பி நிறம் தெரிகிற மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் புரை. எல்லாம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்போது தாளைச் சந்தேகப்பட முடியுமா? கண்ணைச் சந்தேகப்பட்டேன்.

குழல்வாய்மொழி ஒவ்வொரு படத்தையும் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

“நல்லா வந்திருக்கு” என்றாள்.

உள்ளுக்குள் சிரித்ததில் எனக்கு விலா வலித்தது.

லாட்ஜ் ஹாலில் ஒரு படத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தோம். சேக் மைதீன் மஞ்சள் பல்பைப் போட்டார்.

“மாஷா அல்லா! அண்ணாச்சி, ஹாலுக்குள்ள சாரல் அடிக்குத மாதிரி இருக்கு. அந்த ஓரத்துல வெயிலும் அடிக்கு! மதினி, இந்தாங்க பென்சிலு. உங்க தாளுதான?”

இதுதான் நேரம். தொண்டையைச் செருமினேன்.

“தம்பி, நிறுத்துங்க. இது அவ தாளு இல்ல. என் தாளு. குளுந்த தாளு. அவ பண்பொழிக்குப் போனப்ப நான் என் பெட்டியத்தான் எடுத்தேன்!”

குழல்வாய்மொழிக்கு முகம் வாடும் என்று பார்த்தேன். வாடவில்லை. கொண்டுவந்த ஒயர்கூடையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். என் பெட்டி. மூடியைத் திறந்தாள்.

“ஏட்டி, வெளிச்சம்! வெளிச்சம்!”

“பை மூடித்தான் இருக்கு. பதறாம பையப் பாருங்க.”

கறுப்புப் பைமேல் கம்பெனிக்காரன் வெறும் நம்பர் போட்டு ஒட்டின வெள்ளைச் சீட்டு. அதன் நடுவில் அஞ்சு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமப் பொட்டு.

“நீங்க டீ குடிக்கப் போனப்ப உள்ளப் போயி ரெண்டு பையையும் மாத்தி வச்சேன். என் தாளு உங்க பெட்டிக்குள்ள. உங்க தாளு என் பெட்டிக்குள்ள. அடையாளத்துக்கு என் தாளுப் பைக்கு ஒரு பொட்டு.”

“இந்தப் பைய நான் ஏழெட்டுத் தடவ தொட்டேனே! என் கண்ணுல படலையே!”

“செவப்பு லைட்டுல வெள்ளச் சீட்டும் செவப்பு, பொட்டும் செவப்பு. எப்படித் தெரியும்? கல்யாணமான புதுசுல நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்ததுதான்.”

எனக்கு ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

“நான் பெட்டிய மாத்தி எடுப்பேன்னு உனக்கு எப்படிட்டி தெரியும்?”

“‘உன் இஷ்டம்’னீகள்லா? முப்பத்தாறு வருஷத்துல அந்த வார்த்தைய உங்க வாயில நான் கேட்டதே இல்ல.”

சேக் மைதீன் யோசித்தார். “மதினி, அண்ணாச்சி நேர்மையா உங்க பெட்டியவே எடுத்திருந்தா?”

“அவுக தாளுலதான் படம் வந்திருக்கும். உங்களுக்குப் பிடிச்சிருந்தா, பேரும் அவுக பேருதான்.”

யோசித்துப் பாருங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் ஜெயித்தாலும் ஜெயித்திருப்பேன். என் நேர்மையின்மேல் அவள் துளிகூட நம்பிக்கை வைக்கவில்லை. அந்த தைரியத்தில் நிம்மதியாக மலையேறிச் சாமி கும்பிட்டு வந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்கணும். வரவில்லை. என்னை எனக்கே இவ்வளவு தெரியாது. சுவரைப் பார்த்துத் தாளைத் தேர்ந்தெடுத்தாள். என்னைப் பார்த்துப் பெட்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இரண்டிலும் ஒரு நூல் பிசகவில்லை.

ஆறு படத்திலும் அவளே பென்சிலால் எழுதினாள். குழல்வாய்மொழி, குழல்வாய்மொழி என்று ஆறு தடவை. கடைசிப் படத்தில் மட்டும் எழுதி முடித்த பிறகு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சேக் மைதீன் தலையைச் சொறிந்தார்.

“அது சரி அண்ணாச்சி, தாளும் மதினி, பேரும் மதினி. வாரவன் போறவன் இதுல அண்ணாச்சி என்ன செஞ்சாகன்னு கேட்டா, நான் என்ன சொல்ல?”

“கழுவுனாகன்னு சொல்லுங்க தம்பி” என்றேன்.