அசனத்துக்கு மான்கறி

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று நான் சொன்னால், அது இரண்டாவது பொய்யாகிவிடும். ஆனால் சபை நடுவில் எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, சாட்சி சொல்கிறேன் பேர்வழி என்று நூற்றிருபது பேருக்கு முன்னால் பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும் ஒரே நிமிடத்தில் மாட்டிக்கொண்டேன். மாட்டிவிட்டது நான் பெற்ற பிள்ளை!

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அப்போது நாங்கள் டெக்சஸில் இருக்கிற பேர்லேண்டுக்கு வந்து இரண்டு வருடம். நான் ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியில், சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸ். கணவர் செல்வின் சாஃப்ட்வேர். கரப்பான்பூச்சியை அடிக்க மனம் வராமல் பேப்பரில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுகிற மனிதர் (அது அவருக்கு முன்பே வீட்டுக்குள் திரும்பி வந்திருக்கும்). மகள் ஷெரினுக்கு எட்டு வயது. தமிழில் என்ன சொன்னாலும் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஞாயிறு காலை அமெரிக்கர்கள் ஆராதனை முடித்துக் கிளம்பியதும், மத்தியானம் அதே ஆலயத்தில் நாங்கள் கூடுவோம். கதவைத் திறந்துவிட்டு எங்களை வரவேற்பவர் டேல் என்கிற அவர்கள் சபை மூப்பர். ஆறடி உயரம், வெள்ளை மீசை, இஸ்திரி கலையாத சட்டை, அதன்மேல் கோட்டு. முதல் ஞாயிறன்று அவர் என்னைத் தோளோடு அணைத்து வரவேற்றபோது, அவர் இடுப்பில் கெட்டியாக ஏதோ என் கையில் இடித்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? "எந்தக் கம்பெனி இன்சுலின் பம்ப்?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, கோட்டை லேசாக விலக்கிக் காட்டினார். துப்பாக்கி!

நான் வளர்ந்த பாளையங்கோட்டையில் துப்பாக்கி என்றால், வங்கி வாசலில் ஸ்டூல் போட்டுத் தூங்குகிற காவலாளியின் மடியில் கிடப்பது. கோயிலுக்குக் குடை கொண்டுவந்து பார்த்திருக்கிறேன், துப்பாக்கி கொண்டுவந்து பார்த்ததில்லை. "கர்த்தர் காப்பாற்ற மாட்டாரா?" என்று இங்கிலீஷில் கேட்டேன். "காப்பாற்றுவார். நான் அவருடைய வாலண்டியர்" என்றார் சிரிக்காமல். வீட்டில் செல்வினும் நானும் இதை வைத்து ஒரு வாரம் சண்டை போட்டோம். வாரக் கடைசியில் பார்த்தால் அவர் என் கட்சிக்கும் நான் அவர் கட்சிக்கும் மாறியிருந்தோம்.

நான் கேள்வி கேட்டதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு, டேல் எங்கள் இருவரையும் சுடும் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப்போனார். முதல் வெடிச் சத்தத்திலேயே செல்வின் காருக்குப் போய்விட்டார். எனக்கோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்படிப் பிடித்துப்போனது! வருடக் கணக்கில் ஊசி போட்ட கை, நடுங்கவே இல்லை. சுட்ட குண்டெல்லாம் குறிவைக்கும் காகிதத்தின் நடுவட்டத்தில். டேல் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார். அந்தக் காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில், வேத வசன காலண்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் வசனத்தை விட்டுவிட்டு அதைத்தான் படித்தார்கள். வேட்டைக்காரர்களுக்கான பாதுகாப்பு வகுப்பையும் முடித்து, லைசென்ஸும் வாங்கிவிட்டேன்.

இந்தத் தலைக்கனத்தோடுதான் அசனக் கமிட்டிக்குப் போனேன். அசனம் என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. கறி இல்லாமல் போட்டால் அதை அசனம் என்று ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கமிட்டித் தலைவர் எட்வின் அங்கிள், நாகர்கோவில்காரர், ஆட்டுக்கறிக்கு யாரிடம் சொல்வது என்று பேச ஆரம்பித்தார். நான் கையைத் தூக்கினேன்.

"அங்கிள், இந்த வருஷம் ஆடு வேண்டாம். மான் பிரியாணி போடலாம். டேல் ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டு மான் போதாதா?"

"எம்மா, உறுதிதானா? நான் ஆட்டுக்காரனுக்கு ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிருவேன், கேட்டியா?"

"சொல்லிருங்க அங்கிள்!"

செல்வின் என் காலை மேசைக்கடியில் மிதித்தார். நான் அவர் காலைத் திருப்பி மிதித்தேன்.

நவம்பரில், அசனத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, டேலின் பண்ணையில் இருந்தோம். செல்வினும் ஷெரினும் டேலின் மனைவியோடு வீட்டில் பான்கேக் சாப்பிட உட்கார்ந்துவிட, நானும் டேலும் மட்டும் விடியும்போது ஒரு மரக்கூண்டில் ஏறினோம். நான்கு கால் வைத்து உயரத்தில் கட்டிய சின்னப் பெட்டி அறை, அதில் ஒரு ஜன்னல். எதிரே கொஞ்ச தூரத்தில் மூன்று கால்களில் ஒரு பீப்பாய் நின்றது. அது எதற்கு என்று கேட்டேன். அதில் சோளம் இருக்கிறதாம். டைமர் வைத்திருக்கிறார்களாம். தினமும் அதே நேரத்துக்குச் சோளத்தை இறைக்கும், சத்தம் கேட்டு மான்கள் சாப்பிட வருமாம்.

சாப்பிடக் கூப்பிட்டுவிட்டா சுடுவது? எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டவர்களை, போதும் போதும் என்று சொல்லச் சொல்ல இன்னும் இரண்டு கரண்டி வைத்துத்தான் கொல்வோம். வகுப்பில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அல்லது சொல்லியிருப்பார்கள், நான் நடுவட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

டேல் துப்பாக்கியை என் பக்கம் சரியாக வைத்துவிட்டு, "நீங்கள்தான் முதலில்" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில், ஆரம்பிக்கும் முன் நன்றியாக ஒரு வார்த்தை ஜெபிக்கிறீர்களா என்று கேட்டார்.

அவர் கேட்டது ஒரு வார்த்தை. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு வார்த்தை ஜெபம் என்று ஒன்று இருந்ததே இல்லை. காபிக்கே ஐந்து நிமிடம் ஆகும். கண்ணை மூடினேன், வாயைத் திறந்தேன். குரல் தானாக ஏறியது. காலைக்காக நன்றி, டெக்சஸுக்காக நன்றி, இந்த மரக்கூண்டைக் கட்டிய கைகளுக்காக நன்றி. அவருக்குப் புரியவேண்டுமே என்று இங்கிலீஷில் ஆரம்பித்தவள், வேகம் பிடித்ததும் தமிழுக்குப் போய், மறுபடி இங்கிலீஷுக்கு வந்தேன்.

அப்போதுதான் பீப்பாய் 'சர்ர்ர்' என்று இறைத்தது. இடது கண்ணை ஒரு நூல் திறந்து பார்த்தேன். மான்கள்! ஒரு பெரிய பெண்மான், அதன் பக்கத்தில் ஒன்று, பின்னால் சின்னதாக இன்னொன்று. என் குரல் கேட்டு மூன்றும் காதைத் திருப்பின. ஆனால் ஓடவில்லை. பெரியது சோளத்தில் வாய் வைத்து, சின்னதுக்கு இடம் விட்டு நகர்ந்தது.

ஆமென் என்று சொன்னால் டேல் கண்ணைத் திறப்பார். கண்ணைத் திறந்தால் துப்பாக்கியை எடுக்கவேண்டும். எடுத்தால் நான் சுடுவேன், சுட்டால் தப்பாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். நாளைக்கு நூற்றிருபது பேர் இலைக்கு முன்னால் உட்காருவார்கள், அதுவும் தெரியும். ஆனால் என்னால் முடியவில்லை.

ஆகவே ஆமென் சொல்லவில்லை! ஜெபத்தை நீட்டினேன். இந்தியப் பிரதமருக்காக, அமெரிக்க அதிபருக்காக, என் வார்டில் இருக்கிற ஒவ்வொரு நோயாளிக்காகவும் (பெயர் சொல்லாமல், படுக்கை வரிசைப்படி), எங்கள் கிரீன் கார்டுக்காக, ஷெரினின் பெருக்கல் வாய்ப்பாட்டுக்காக, டேலின் மனைவியுடைய முழங்கால் வலிக்காக. வலது முழங்கால் முடிந்ததும் இடது முழங்காலுக்காக. டேல் தலை குனிந்து, கண் மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதர், ஆமென் வராமல் நிமிரமாட்டார். மான்கள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, ஒன்றன்பின் ஒன்றாக மரங்களுக்குள் போயின. சின்னதின் வால் மறைந்தபிறகு சொன்னேன், "ஆமென்."

டேல் காலித் தரையைப் பார்த்தார். "நிறைவான ஜெபம்" என்றார். பத்து மணிவரை உட்கார்ந்திருந்தோம், பிறகு எதுவுமே வரவில்லை.

பான்கேக் மேசையில் செல்வின் கேட்டார், "என்னாச்சு ஜெபா? கறி?"

"மான் வரல" என்றேன். வாயில் வந்தது அவ்வளவுதான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என் தட்டில் ஒரு பான்கேக்கை வைத்தார்.

எட்வின் அங்கிள் ஃபோனில் கேட்டார். "எம்மா, நூத்தியிருவது பேருக்கு இனி நான் என்னத்தப் போட?" கடைசியில் முட்டை பிரியாணி என்று முடிவாகி, அன்று மாலை எங்கள் அடுப்பில் முட்டை வெந்தது. இன்னும் வெந்தது. செல்வின் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொடுத்தார்.

மறுநாள் பந்தி நடுவில், சாட்சி சொல்லச் சொல்லி மைக் என் கைக்கு வந்தது. ஊழியக்காரர்போல் முகத்தை வைத்துக்கொண்டேன். "கர்த்தருடைய சித்தம் வேற மாதிரி இருந்துச்சு. மூணு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு மான்கூட வரல." சபையார் எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். என் பொய்க்கு நூற்றிருபது ஸ்தோத்திரம்!

விருந்தாளியாக உட்கார்ந்திருந்த டேல், பக்கத்திலிருந்த ஷெரினிடம் அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டார். அவள் இங்கிலீஷில் சொன்னாள். டேலின் கரண்டி பாதியில் நின்றது. அவர் தட்டிலிருந்த முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆலயத்துக்குத் துப்பாக்கி கொண்டுவருகிற மனிதர்தான், ஆனால் பொய் கொண்டுவரத் தெரியாது. குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார்.

ஷெரின் நாற்காலிமேல் ஏறினாள். எட்டு வருடமாகத் தமிழில் ஒரு பதில் சொல்லாத குழந்தை, சுத்தமான தமிழில், ஹால் அதிரக் கத்தினாள். "அம்மா! மூணு! மூணு மான் வந்துச்சாம்!"

அதற்குப்பிறகு எதை மறைக்க? மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. "வந்துச்சு. பார்த்தேன். என்னால சுட முடியல. அது போற வரைக்கும் ஜெபம் பண்ணிட்டேன். பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க" என்று அழுதுவிட்டேன். எட்வின் அங்கிள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எம்மா, இந்த முட்டைக்கும் அதே ஜெபத்தப் பண்ணியிருந்தா, குஞ்சு பொரிச்சு ஓடியிருக்கும், கேட்டியா!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. அழுகைக்கு நடுவில் நானும் சிரித்தேன்.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் டேலைப் பிடித்தேன். கண் மூடியிருந்தவருக்கு மூன்று என்று எப்படித் தெரியும்? அவரும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தாராம்! அப்படியானால் ஏன் தடுக்கவில்லை? "என் மனைவியின் முழங்காலுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தீர்கள். எப்படி நடுவில் நிறுத்தச் சொல்வது?" என்றார்.

நான் சைவமாகிவிடவில்லை. போன வாரமும் ஆட்டுக்கறி வாங்கினேன். டேல் இன்றும் வேட்டைக்குப் போகிறார், இன்றும் ஆலயக் கதவருகில் கோட்டுக்குள் துப்பாக்கியோடுதான் நிற்கிறார். அது சரியா என்று கேட்டால் எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அவர் சாப்பிடுகிற மானை அவர் நேரில் பார்த்திருக்கிறார். நான் சாப்பிடுகிற ஆட்டை நான் பார்த்ததே இல்லை. இதில் யார் யோக்கியம் என்று, 'கொலை செய்யாதிருப்பாயாக' என்கிற ஆறாவது கட்டளையை வைத்து அவரோடு வாதாட நான் இனி போகமாட்டேன்.

ஷெரினுக்கு இப்போது பதினேழு வயது. பதில் எல்லாம் இன்றும் இங்கிலீஷில்தான், ஒரு வார்த்தையைத் தவிர. நான் சோபாவில் படுத்துக்கொண்டு ஃபோனில், "நாங்க ஊர்லயே இல்ல அங்கிள்" என்று சொன்னால் போதும், மாடியிலிருந்து குரல் வரும்: "மூணு!"

போன ஞாயிறு டேலும் அவர் மனைவியும் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள். என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். கண்ணை மூடி ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஏதோ உறுத்த, இடது கண்ணை ஒரு நூல் திறந்து பார்த்தேன். மேசையைச் சுற்றி நான்கு பேர், நான்கு பேருக்கும் ஒரு கண் திறந்திருந்தது. உடனே ஆமென் சொல்லிவிட்டேன்.